பழைய காரும் வாய் வார்த்தையும்

(புனே கிளையின் உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் மூட்டு வலி பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். இந்தத் தடவை காரியதரிசி என்னிடம் வந்து, "மாமா, நீங்க அந்தக் கார் விஷயத்தைப் பேசுங்கோளேன்" என்றார். நான் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. பாங்க்கில் 36 வருஷம் உத்தியோகம் பார்த்து ரிடையர் ஆனவன். ஏமாந்தவன் என்ற ஒரே தகுதியில்தான் உங்கள் முன் நிற்கிறேன். ஏமாந்ததில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றவன் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நம்மில் பலர் பழைய கார் வாங்குகிறோம். ரிடையர் ஆன பிறகு புது வண்டியில் பத்து லட்சத்தை முடக்க மனசு வருவதில்லை. மாற்றல் உத்தியோகத்தில் இருப்பவர்கள் மூன்று வருஷத்துக்காகப் புது வண்டி எடுப்பதில்லை. ஆகவே டெல்லியானாலும், கல்கத்தாவானாலும், நாகபுரியானாலும் இது எல்லோருக்கும் பொதுவான சங்கதி. வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். வாங்கிய பிறகு கோளாறு தெரிந்தால் விற்றவரை எப்படிச் சரிசெய்ய வைப்பது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

என் கதை 2023 பிப்ரவரியில் ஆரம்பிக்கிறது. என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வாரம் மூன்று நாள் பிஸியோதெரபி. ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை. சின்னதாக ஒரு கார் இருந்தால் தேவலை என்று தோன்றியது. நம் சங்கத்திலேயே எனக்கு இருபது வருஷ நண்பர் ஒருவர் உண்டு. அவர்தான், "எனக்குத் தெரிஞ்ச வியாபாரி ஒருத்தன் இருக்கான், நம்பகமானவன்" என்று அழைத்துப் போனார்.

வியாபாரி நல்ல இளைஞன். இந்தப் பக்கத்து வழக்கப்படி என்னைக் 'காகா, காகா' என்று வாய் நிறையக் கூப்பிட்டான். ஒரு சிறிய பெட்ரோல் காரைக் காட்டினான். ஒரே சொந்தக்காரர் ஓட்டியது, 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, விபத்தில் அடிபடாதது, இஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆறு மாத உத்தரவாதம். விலை ரூ.3,40,000. நான்கு காகிதங்களில் கையெழுத்து வாங்கினான். அதில் ஒன்றில், 'வண்டியை உள்ளது உள்ளபடி பார்த்து, திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று பொடி எழுத்தில் இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. கடன் வாங்க வந்தவர்களிடமெல்லாம், "படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்" என்று 36 வருஷம் உபதேசம் செய்தவன் நான். படிக்காமல் போட்டேன். நண்பர் பக்கத்தில் நிற்கும்போது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படிப்பது மரியாதை இல்லை என்று நினைத்தேன்.

நாலாம் நாள் ஏ.சி. குளிரவில்லை. தெருக்கோடி மெக்கானிக்கிடம் காட்டினேன். கம்ப்ரஸர் போய்விட்டது என்றார். ரூ.11,500 கொடுத்து மாற்றினேன். பழைய கம்ப்ரஸரை அவரே காயலான் கடையில் போட்டுவிட்டார். வியாபாரியிடம் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நண்பர் மூலம் வாங்கியது, அல்ப விஷயத்துக்குப் போய் நிற்பானேன் என்ற தாட்சண்யம். இந்த 11,500 ரூபாய் கடைசி வரை எனக்குத் திரும்ப வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பன்னிரண்டாம் நாள் மாதுங்காவில் ஓர் உபநயனம். பம்பாய்க்குப் போகும்போது மலையிறக்கம், ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது கோபோலி தாண்டிக் கண்டாலா மலை ஏற்றத்தில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்தேன். பானெட்டைத் திறந்தால் ஆவி. என் மனைவி ஆபரேஷன் ஆன காலை நீட்டிக்கொண்டு, லாரிகள் உறுமிக்கொண்டு போகும் மலைப்பாதை ஓரத்தில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. வண்டியை இழுவை வண்டியில் ஏற்றிப் புனே கொண்டுவர ரூ.6,500 ஆயிற்று.

இரண்டு காரியங்கள் அன்று சரியாகச் செய்தேன், தெரிந்து செய்யவில்லை, பயத்தில் செய்தேன். ஒன்று, சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். இரண்டு, 'கொஞ்சம் ஆறட்டும், மெதுவாக ஓட்டிப் போய்விடலாம்' என்று முயலவில்லை. சூடேறிய இஞ்சினைத் தொடர்ந்து ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும். பிறகு வியாபாரி, "நீங்கள் ஓட்டித்தான் கெட்டது" என்பான். அதற்கு நம்மிடம் பதில் இருக்காது.

புனேயில் ஒர்க்ஷாப்காரர் பார்த்துவிட்டு ஹெட் காஸ்கெட் போய்விட்டது என்றார். இஞ்சினின் அடிப்பாகத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் ஒரு தகட்டுப் பட்டை அது. அது கசிந்தால் குளிர்விக்கும் தண்ணீர் சிலிண்டருக்குள் போகும், அல்லது ஆயிலில் கலக்கும். ஆயில் குச்சியை எடுத்துக் காட்டினார். டிகாக்ஷனில் பால் விட்டது போல இருந்தது. ரேடியேட்டரில் ஏதோ பழுப்புப் பொடி மிதந்தது. கசிவைக் கொஞ்ச நாளைக்கு அடைக்க ஊற்றும் மருந்து என்றார். ஹெட்டைக் கழற்றி, லேத்தில் தேய்த்துச் சமப்படுத்தி, காஸ்கெட் மாற்ற ரூ.46,000 ஆகும் என்று கணக்குச் சொன்னார். ஸ்பானரையும் கையில் எடுத்துவிட்டார்.

நல்லவேளை, பெங்களூரில் இருக்கும் என் பிள்ளைக்கு அந்தச் சமயம் போன் செய்தேன். "அப்பா, இஞ்சினைத் திறக்க விடாதே. முதல்ல என்ன கோளாறுன்னு லெட்டர்ஹெட்ல எழுதி வாங்கு. போட்டோ எடு. வித்தவனுக்குச் சொல்லு. அவன் ஆள் வந்து பார்க்கட்டும். அப்புறம் திறக்கலாம்" என்றான். அந்த ஒரு யோசனைதான் பிற்பாடு என்னைக் காப்பாற்றியது.

வியாபாரியிடம் போனேன். "காகா, பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும். ஆனாலும் உங்களுக்காகப் பார்க்கிறேன். ஹோலி கழியட்டும்" என்றான். ஹோலி கழிந்தது. "குடி பாட்வா சீசன், டெலிவரி நிறைய இருக்கிறது, அது கழியட்டும்" என்றான். அதுவும் கழிந்தது. பிறகு உத்தரவாத அட்டையை எடுத்துக் காட்டினான். இஞ்சின் என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் 'காஸ்கெட், ஸீல், ஹோஸ், ரப்பர் பாகங்கள் நீங்கலாக' என்று இருந்தது. அதன் பிறகு என் நம்பரைப் பார்த்தால் போனையே எடுப்பதில்லை.

இப்படி ஒரு மாதத்துக்கு மேல் போயிற்று. வண்டி ஒர்க்ஷாப்பில். நாங்கள் மறுபடி ஆட்டோவில். நண்பரிடம் சொன்னேன். அவர் வருத்தப்பட்டு, "நான் பேசறேன்" என்றார். பேசினார். அவருக்கும் அதே 'கழியட்டும்'தான் பதில். எழுத்தில் கேட்கலாமா என்றேன். "கடுதாசு கிடுதாசு எல்லாம் எதுக்குங்காணும்? எனக்கு அவன்கிட்ட முகம் கொடுக்க முடியாமப் போயிடும்" என்றார். நானும் தயங்கினேன். அன்று ராத்திரி என் மனைவி சொன்னாள்: "ஏன்னா, அவருக்கு முகம் கொடுக்க முடியலைன்னா நமக்கென்ன? நான் அந்த மலையிலே உட்கார்ந்திருந்தேனே, என் முகத்தை யாரும் பார்க்கலையே." மறுநாள் காலை காபி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து கடிதம் எழுதினேன்.

கடிதம் எழுதும் முன் சட்டம் என்ன சொல்கிறது என்று படித்தேன். பாங்க்கில் இருந்த பழக்கம். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டிய நாலு விஷயங்கள் அதில் உண்டு.

முதலாவது, பழைய பொருள் என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்பது தவறு. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. சொந்த உபயோகத்துக்கு வியாபாரியிடம் பணம் கொடுத்து வாங்கியவர் நுகர்வோர்தான், பொருள் புதிதானாலும் பழையதானாலும். அந்தச் சட்டத்தில் 'குறைபாடு' என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரம் இல்லாவிட்டால் அது குறைபாடு. அத்துடன், வியாபாரி எந்த விதத்தில் சொல்லியிருந்தாலும் சரி, அவர் சொன்ன தரம் இல்லாவிட்டால் அதுவும் குறைபாடு. இந்தக் கடைசி வரிதான் நமக்கு முக்கியம். பத்து வருஷ வண்டியில் பத்து வருஷத் தேய்மானம் இருந்தால் அது குறைபாடு ஆகாது. ஆனால் 38,000 கிலோமீட்டர் என்று சொல்லிக் கொடுத்த வண்டி 38,000 கிலோமீட்டர் வண்டியாகத்தான் இருக்க வேண்டும்.

இரண்டாவது, 'உள்ளது உள்ளபடி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டோமே, எல்லாம் போயிற்று என்று மலைக்க வேண்டாம். 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி, பொதுவாக வாங்குகிறவர்தான் பார்த்து வாங்க வேண்டும். ஆனால் விதிவிலக்குகள் உண்டு. அந்தப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன காரியத்துக்கு வேண்டும் என்று சொல்லி, அவருடைய அனுபவத்தை நம்பி வாங்கினால், அது அந்தக் காரியத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். நாம் பார்த்தபோதே கண்ணில் பட்டிருக்க வேண்டிய கோளாறுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. டயர் வழுக்கையாக இருந்தது, கதவில் நசுங்கல் இருந்தது என்று பிறகு சொல்லிப் பிரயோஜனம் இல்லை. உள்ளே ஒளிந்திருக்கும் கோளாறு வேறு. 'உள்ளது உள்ளபடி' என்று எழுதி வாங்கினால் இந்தச் சட்டப் பாதுகாப்பு பலவீனப்படும் என்பது உண்மை. ஆனால் சொன்ன பொய்யை அந்த வரி மெய்யாக்கிவிடாது.

மூன்றாவது, பில் கொடுக்காமல் இருப்பது முறையற்ற வியாபாரம் என்று 2019 சட்டத்தில் இருக்கிறது. குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் எத்தனை நாளுக்குள் என்று போட்டிருக்கிறதோ அதற்குள். ஒன்றும் போடாவிட்டால் 30 நாளுக்குள். ஆகவே முதல் 30 நாள் பொன்னான காலம். நான் அதை ஹோலியிலும் பாட்வாவிலும் கழித்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

நாலாவது, புகார் கொடுக்க இரண்டு வருஷம் அவகாசம் உண்டு. மேலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். ஜாம்ஷெட்பூரில் இருக்கும் அங்கத்தினர் கல்கத்தாவில் வண்டி வாங்கியிருந்தால், கல்கத்தாவுக்கு நடையாய் நடக்க வேண்டியதில்லை. இது பழைய 1986 சட்டத்தில் இல்லாத சௌகரியம்.

சரி, கடிதத்துக்கு வருகிறேன். ஒரே பக்கம். வாங்கிய தேதி, விலை, ரசீது எண், வண்டி எண். வியாபாரி சொன்னது என்ன. என்ன கோளாறு, எந்தத் தேதியில், எந்த இடத்தில் தெரிந்தது. ஒர்க்ஷாப்காரர் எழுதிக் கொடுத்தது என்ன. நான் கேட்பது என்ன. எத்தனை நாளுக்குள். 15 நாள் கொடுத்தேன். வண்டி இன்ன ஒர்க்ஷாப்பில் பிரிக்காமல் இருக்கிறது, உங்கள் ஆள் எந்த நாளும் வந்து பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். 'மோசடி', 'திருட்டு', 'உன்னை விடமாட்டேன்' போன்ற வார்த்தை ஒன்றும் இல்லை. ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, டெலிவரி ஆனதற்கான அத்தாட்சியை எடுத்து வைத்துக்கொண்டேன். அதே கடிதத்தை வாட்ஸ்அப்பிலும் ஈமெயிலிலும் அனுப்பினேன்.

'வியாபாரி சொன்னது' என்று எழுதினேனே, அதற்கு ஆதாரம் என்ன? ரசீதில் ஒன்றுமே இல்லை. ஆனால் வாங்குவதற்கு முன் அவனே வண்டியின் போட்டோவுடன் வாட்ஸ்அப்பில், ஒரே சொந்தக்காரர், 38,000 கி.மீ., விபத்தில்லாதது, ஆறு மாத உத்தரவாதம் என்று அனுப்பியிருந்தான். பேரன் போட்டோக்களுக்கு இடம் வேண்டும் என்று நான் பழைய செய்திகளையெல்லாம் அழிப்பவன். தெய்வாதீனமாக இதை அழிக்கவில்லை.

அந்தச் செய்தியை மறுபடி படித்தபோதுதான் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. ஆர்.சி. என் பெயருக்கு மாறியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு, அந்தக் கம்பெனியின் அதிகாரபூர்வ ஸர்வீஸ் சென்டருக்குப் போய், இந்த வண்டியின் பழைய ஸர்வீஸ் விவரம் வேண்டும் என்று கேட்டேன். அச்செடுத்துக் கொடுத்தார்கள். 2021 ஆகஸ்டில் ஸர்வீஸுக்கு வந்தபோதே 64,310 கிலோமீட்டர். 2023-ல் எனக்கு வந்தபோது 38,000. இரண்டு வருஷத்தில் வண்டிக்கு வயசு குறைந்திருக்கிறது! மார்க்கண்டேயனுக்குக் கூட இப்படி நடக்கவில்லை.

யார் மீட்டரைத் திருப்பினார்கள் என்று எனக்குத் தெரியாது. வியாபாரிக்கு முன்னாலேயே நடந்திருக்கலாம். இரண்டாவது கடிதத்தில் அப்படியே எழுதினேன்: 'இதை யார் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கணக்கு தவறு. அந்தக் கணக்கை நம்பித்தான் இந்த விலை கொடுத்தேன்.' காஸ்கெட் உத்தரவாதத்தில் வருமா வராதா என்று தர்க்கம் செய்ய அவனுக்கு இடம் இருந்தது. இதற்கு இல்லை.

அத்துடன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்தேன். தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம். புகாரைப் பதிவு செய்து எண் கொடுத்து, எதிர்த்தரப்புக்கு அனுப்புகிறார்கள். உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் அரசாங்கத்தின் பதிவேட்டில் தன் கடை பெயர் ஏறியது என்று தெரிந்ததும், பதினெட்டு தடவை எடுக்காத போனை அவன் தானாகவே எடுத்துக் கூப்பிட்டான்.

கடிதம் போனதிலிருந்து என் நண்பர் என்னுடன் பேசுவதை நிறுத்தியிருந்தார். ராமநவமி பஜனையில் என்னைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார். பணம் போனது கூட அவ்வளவு உறுத்தவில்லை, இது உறுத்தியது. ஒரு நாள் சாயங்காலம் அவர் வீட்டுக்கே போய் இரண்டு கடிதங்களின் நகலையும், ஸர்வீஸ் விவரத்தையும் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். வாதம் செய்யவில்லை. மறுநாள் காலை அவரே வந்தார். "ஒரு கோபமான வார்த்தை கூட இல்லையேங்காணும் இதிலே. நான் வேற என்னமோ நினைச்சிண்டிருந்தேன். கிளம்பும், நானும் வரேன்" என்றார். வியாபாரி முன் உட்கார்ந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "நான் அழைச்சிண்டு வந்த மனுஷருக்கு இந்த வண்டியைக் கொடுக்கும்போது உனக்கு இது தெரியுமா, தெரியாதா?" அந்தப் பையன் தலையைக் குனிந்துகொண்டான்.

முடிவாக, ஒர்க்ஷாப்புக்கு உண்டான ரூ.46,000-ஐ அவனே நேராகக் கட்டினான். மீட்டர் வித்தியாசத்துக்காக விலையில் ரூ.30,000 திருப்பிக் கொடுத்தான். ஏ.சி.க்குக் கொடுத்த 11,500-ம், இழுவை வண்டிக்குக் கொடுத்த 6,500-ம் போனது போனதுதான். கம்ப்ரஸரைப் பற்றி நான் கேட்டபோது அவன் சொன்ன பதில் நியாயமானது: "காகா, நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை. பழைய கம்ப்ரஸரும் இல்லை. அது கெட்டிருந்தது என்று நான் எப்படி நம்புவது?" நான் நீதிபதியாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

ஒப்பந்தத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டோம். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று முதல் நாளே எழுதிக் கொடுக்கச் சொன்னான். இந்தத் தடவை நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ரிப்பேர் முடிந்து, சிம்ஹகட் ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்து, முள் நடுவிலேயே நின்ற பிறகுதான் அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் அதே வண்டியில்தான் வந்திருக்கிறேன், வாசலில் நிற்கிறது.

சமாதானம் ஆகாவிட்டால் என்ன செய்வது? மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையம்தான். விலை ஐந்து லட்சம் வரை இருந்தால் கட்டணமே இல்லை. அதற்கு மேல் பத்து லட்சம் வரை ரூ.200. வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே வாதாடலாம். வீட்டிலிருந்தே இணையத்தில் தாக்கல் செய்யலாம். முன்பு இ-தாக்கில் என்று இருந்தது, 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ருதி என்ற தளம் வந்திருக்கிறது. பரிசோதனை தேவைப்படாத புகாரை மூன்று மாதத்திலும், தேவைப்படுவதை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும், பொறுமை வேண்டும். இரு தரப்பும் இசைந்தால் சமரசத்துக்கும் அங்கேயே வழி உண்டு. போலீஸுக்குப் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். ஏமாற்றும் எண்ணம் ஆரம்பத்திலேயே இருந்தது என்று காட்டினால்தான் அது குற்றம். இல்லாவிட்டால், இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. வியாபாரியிடம் இல்லாமல் தனி மனிதர் ஒருவரிடம் நேராக வாங்கினால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்டுதான். அதனால் அங்கே எழுத்தில் வாங்கிக்கொள்வது இன்னும் முக்கியம்.

ஆர்.சி. மாற்றாமல் இழுத்தடிப்பதும் ஒரு கோளாறுதான், அதையும் இதே மாதிரி எழுத்தில் கேளுங்கள். வாங்கியவர் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உங்கள் வண்டி அடிபட்டால் உங்களுக்குப் பணம் கிடைப்பது கஷ்டம். விற்பவர்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. பல கை மாறிய வண்டி ஒன்று விபத்துக்குள்ளான வழக்கில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2018-ல் சொல்லிவிட்டது. பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தில் அங்கீகாரம் பெற வேண்டும், தங்களிடம் வண்டி வந்ததைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. கடையில் நுழைந்ததும் அந்த அங்கீகாரச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சுருக்கிச் சொல்கிறேன். வாங்கும் முன், வியாபாரி வாயால் சொன்னதை அவர் கையாலேயே ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லி, அதை அழிக்காமல் வையுங்கள். உத்தரவாத அட்டையில் 'நீங்கலாக' என்ற பகுதியை முதலில் படியுங்கள். வாங்கிய வாரத்திலேயே நீங்கள் நம்பும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஸர்வீஸ் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கோளாறு தெரிந்தால் அன்றே எழுத்தில் சொல்லுங்கள். விற்றவர் பார்க்க வாய்ப்புக் கொடுக்காமல் ரிப்பேர் செய்யாதீர்கள். அவசரமாகச் செய்ய வேண்டியிருந்தால் பழைய பாகத்தையும் பில்லையும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். அவர் ஒரு தடவை 'கழியட்டும்' என்றால் சரி. இரண்டாவது தடவை சொன்னால் கடிதம் போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நமக்குள் தாட்சண்யம் ஜாஸ்தி. தெரிந்தவர் மூலம் வாங்கினோம், எழுத்தில் கேட்டால் நட்பு கெட்டுவிடும் என்று நினைக்கிறோம். என் அனுபவம் அதற்கு நேர்மாறு. நான் எழுதாமல் இருந்த அந்த ஒரு மாதத்தில் என் மனசுக்குள் அவரை எத்தனை தடவை திட்டினேன் என்று அந்தப் பகவானுக்குத்தான் தெரியும். கடிதம் எழுதிய பிறகு ஒரு தடவை கூடத் திட்டவில்லை. சொல்ல வேண்டியவரிடம் சொல்லிவிட்டால் மற்றவரை மனசுக்குள் வதைக்க வேண்டியதில்லை.

அந்த நண்பர் இதோ முன் வரிசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார். அவருடைய சம்மதத்தின் பேரில்தான் இத்தனையும் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் அவரை வீட்டில் கொண்டுவிடுவது என் பொறுப்பு. ஏ.சி. நன்றாகக் குளிர்கிறது. அந்தக் கம்ப்ரஸர் மட்டும் என் செலவு.

எல்லோரும் க்ஷேமமாகப் பிரயாணம் செய்யுங்கள். நமஸ்காரம்.